மருந்தடித்த பெட்டி

கன்டெய்னரில் வலது கதவைத்தான் முதலில் திறக்க வேண்டும். இடது கதவின்மேல் அது ஏறி உட்கார்ந்திருக்கும். கஸ்டம்ஸ் கிடங்கில் கான்ட்ராக்ட் கூலியாக இருபத்திரண்டு வருஷம் பெட்டி திறந்தவன் நான். முதுகு போனதுதான் மிச்சம், இன்ஸ்பெக்டர் ஐயா.

அங்கே சூப்பிரண்டாக இருந்த சிவசங்கர் சார் சர்க்கார் வேலையை விட்டுவிட்டு ஒரகடத்தில் கஸ்டம்ஸ் ஆலோசனை ஆபீஸ் போட்டார். எந்தச் சரக்குக்கு என்ன வரி, என்ன தாள் வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சொல்லும் வேலை. நேற்றுவரை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், இன்று இந்தப் பக்கம். படித்தவர்கள் பலர் கூட வருகிறோம் என்று கேட்டார்கள். சார் என்னைக் கூப்பிட்டார்.

"மாரிமுத்து, உனக்குப் படிக்கத் தெரியாது இல்ல? அந்த மாதிரி ஆளுதான்யா எனக்கு வேணும். ஒரு கம்பெனி ரகசியம் இன்னொரு கம்பெனிக்குப் போகக் கூடாது. பேப்பரத் தூக்கினு போ, தூக்கினு வா. அவ்ளோதான்."

ஐம்பத்தொரு வயதில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடைத்தது. கைரேகை வைத்துச் சேர்ந்தேன்.

கலைமணி அதே ஆபீசில் இருந்த பிள்ளைப்பாக்கத்துப் பெண். கம்பெனிகளுக்குப் போய்ப் பெட்டிக்குள் இருக்கும் சரக்கின் நம்பரைப் போட்டோ எடுப்பாள். கதவு திறக்க நான் கூடப் போவேன். சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கடை போர்டுகளைக் காட்டி எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். எனக்கும் ஆசைதான்; பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதியும் பழகினேன்.

"ண்ணா, அந்த போர்டுல இன்னா போட்டுகீது?"

"காலை மாலை டிபன் ரெடி."

"அட, கலெக்டரே ஆயிட்ட போ."

யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். எட்டு மாதம் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, "திங்கக்கெழம சார்கிட்ட சொல்லப்போறேண்ணா. சம்பளம் ஏத்துவாரு பாரு" என்றாள். வேண்டாம்மா என்றேன். "வெக்கப்படாதண்ணா" என்றாள். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை வல்லம் வடகாலில் ஒரு கம்பெனிக்குப் போனோம். மரச்சட்டம் அடித்து வந்த மெஷின். மரத்தில் பூச்சி இருக்கும் என்று பெட்டிக்குள் மருந்துப் புகை விட்டு அடைத்திருந்தார்கள். அந்தப் புகைக்கு வாசனை கிடையாது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கலைமணி கேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் போனேன்.

அவள் வந்தபோது கதவு திறந்திருந்தது. தாள் இல்லை.

"எல்லாம் சரியாண்ணா?"

"சரிம்மா."

கடைசி மூலைவரை போனாள். வெயிலில் போட்டோ வெளுத்துவிடும், போன் லைட்டே போதும் என்று கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில், "ண்ணா, தல சுத்துது" என்று கேட்டது. நான் வழக்கமாக நிற்கிற இடத்திலேயே நின்றேன். உள்ளே போனால் நானும் விழுந்திருப்பேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், பொய்யில்லை. என் வாக்குமூலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று போட்டு, கைரேகை வாங்கிக்கொண்டீர்கள். எச்சரிக்கைத் தாள் ஒட்டவில்லை என்று மருந்தடித்த அறிவுமதியை உள்ளே வைத்தீர்கள். ஒட்டினேன், ஒட்டினேன் என்கிறான் அவன். நம்புவார் இல்லை.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். போன வாரம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காத மாரிமுத்து. கதவுல இன்னா எழுதியிருக்குன்னு படிக்கத் தெரிஞ்ச ஆளு இருந்திருந்தா அந்தப் பொண்ணு பொழச்சிருக்கும். இனிமே அப்படிப்பட்ட ஆளத்தான் வெச்சுக்கணும்."

நாற்காலி போய்விட்டது. அதனால்தான் இதை யார் உதவியும் இல்லாமல் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். சாரிடம் காட்டுங்கள், ஐயா. அந்தத் தாளில், "விஷப் புகை. திங்கள் காலைவரை திறக்காதே" என்று இருந்தது. ஓர் எழுத்துகூட விடாமல் படித்துவிட்டுத்தான் உரித்தேன்.