குளிரில் ஒட்டும் அணுக்கள்

மேட்டூரிலிருந்து சேலம் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் ஷிப்ட் முடிந்து, அனல்மின் நிலையச் சீருடையோடு வந்திருந்தார். அவள் ஆராய்ச்சிக்காக வெளிநாடு கிளம்புகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

“குளுர வெச்சு நெருப்பு மூட்டறதுக்கா இத்தனை தூரம் போற?” என்றார் அவர்.

“நெருப்பு இல்லீங்க. சூரியனுக்குள்ள அணுவும் அணுவும் கடும் சூட்டுல ஒட்டித்தான அத்தனை சக்தி வருதுங்க, அதுதான். நாங்க அணுவோட ஆட்டம் அடங்கற அளவுக்குக் குளுர வெச்சு, ஒட்டுமான்னு பாக்கறோம்.”

“ஒட்டுமா?”

“தெரியலீங்க. ஒட்டாதுன்னுதான் பலபேரு சொல்றாங்க.”

“ஒட்டீருச்சுன்னா?”

“கரண்டுக்குக் கரி எரிக்கற வேலையே இருக்காதுங்க.”

“அப்ப என்ற வேலை போயிரும்.”

“போனாலும் போகுங்க.”

பேருந்து ஓமலூரைத் தாண்டியது. பிறகு அவர் மெல்லக் கேட்டார்.

“ஒட்டலைன்னா உடனே திரும்பி வந்துருவியா?”

“முடியாதுங்க. ஒட்டீருச்சுன்னாத்தான் உடனே வர முடியும். ஏன் ஒட்டலைன்னு பாக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்கோணும்.”

அவள் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப ஒட்டட்டும்” என்றார்.