ஒரு சாண் உயர்ந்த ஜீப்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த ஜீப் டிரைவர் ஒருவர் பக்கத்திலிருந்த மெக்கானிக்கிடம் புலம்பிக்கொண்டு வந்தார்.

"எங்க முதலாளி ஸ்பிரிங் பட்டையைக் கூட்டி ஜீப்பை ஒரு சாண் உசத்திட்டாரு அண்ணாச்சி. பக்கத்துத் தோட்டக்காரரு டிராக்டர்ல இவரைவிட உசரமா உக்காந்து போதாராம்."

"உசத்தினா பின்னால கட்டியிருக்க டிரெய்லர் மூக்கைத் தூக்குமேடே?"

"தூக்கிச்சே! வாழைத்தார் பூரா பின்பக்கமாச் சரிஞ்சு ரோட்டுல கெடந்துச்சு."

"இழுக்குத கொக்கியை மட்டும் கீழ இறக்கி மாட்டினா சரியாப் போயிருமே."

"சொன்னேன். 'உசத்தினதே கௌரவத்துக்கு, இறக்கவா சொல்லுத?'ன்னு ஏசுதாரு."

"அப்ப தாரு எப்படிச் சந்தைக்குப் போவுது?"

"டிரெய்லர்ல மாட்டைப் பூட்டியாச்சு. முதலாளி ஜீப்புல முன்னால போதாரு, மாட்டுக்கு வழிவிடச் சொல்லி ஹாரன் அடிச்சுக்கிட்டு."