வீட்டில் மட்டும் ஆடும் தலை

எழுதும் அளவுக்குப் படித்தவள் அல்ல நான், பத்தாவதோடு நின்றவள். அடுத்தவர் பேச்சை எழுதுவதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள்.

எண்பதுகளில் ஒரு சாயங்காலம், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிய பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். வளைவுகளில் மேகம் ஜன்னல் வழியே வந்து, எங்கள் மடியில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. முன் சீட்டில், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் ஒரு இளம் தம்பதி.

"ஏனுங்க, எஸ்டேட் ஆபீசுல ஆடாத தலை, நான் சோறு போட வந்தா மட்டும் வேண்டாங்கற மாதிரி ஆடுதே? என்னையப் புடிக்கலீன்னா சொல்லிப்போடுங்க. நாளைக்குக் காலை ஜீப்புல மஞ்சக்குட்டைக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் போயிடறேன்."

"டாக்டர் சொன்னது கேக்கலையா, புள்ள? மூளையில ஒரு பக்கம் தலைய ஆட்டச் சொல்லுதாம். இன்னொரு பக்கம் அதைப் புடிச்சு நிறுத்துதாம்."

"அப்ப ஊட்லயும் புடிச்சு நிறுத்தறது!"

"கொட்டாவிய எம்புட்டு நேரம் அடக்குவ? பகலெல்லாம் ஆபீசுல கணக்கெழுதற ரைட்டர் முன்னாடி அடக்கறேன். உன்ற மொகத்தப் பாத்தாத்தான் உட்டுடலாம்னு தோணுது."

பஸ் ஒரு வளைவு திரும்பியதும் அவள் அவர் தலையை உற்றுப் பார்த்தாள்.

"இப்ப?"

"இப்பவும் அடக்கிட்டுத்தான் இருக்கறேன். நொம்ப நேரமா. ஆளுக பாப்பாங்கல்ல."

"எந்திரிங்க, ஜன்னலோரம் வாங்க. நான் மறைச்சுக்கறேன். மலை முச்சூடும் ஆட்டிக்கங்க."

இடம் மாறினார்கள். அவள் சால்வையை விரித்துப் பிடித்தாள். அதற்குப் பின்னால் அவர் தலை விடாமல் ஆடுவது மேகத்தில் நிழல்போலத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை மஞ்சக்குட்டை ஜீப்பில் நானும் போனேன். அவள் வரவில்லை.