புண்ணியாளன் கொடுத்த ஜவ்வரிசி

– இன்னும் வேகலையா, ஜசிந்தா?

– வேகலை, என் பொன்னு மனுஷா. காலையில போட்ட ஜவ்வரிசி. தண்ணி வத்த வத்த ஊத்திட்டேன். இது மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி வெள்ளை வெளேர்னு மிதக்குது.

– விறகு ஈரமா இருக்கும்.

– விறகு எரிஞ்சு சாம்பலையும் அள்ளிக் கொட்டியாச்சு.

– எடீ, புண்ணியாளன் அந்தோணியார் கொடுத்ததைப் பழிக்காதே. நாளைக்கு அவர் திருநாள். நான்தான் பிரசுதேந்தி, திருநாள் செலவெல்லாம் என் தலையில. கரை முழுக்கப் பாயாசம் ஊத்துறேன்னு குருசடிக் கோயில்ல நின்னு வாக்குக் கொடுத்தவன். கப்பல் தீப்பிடிச்ச நாள்லேர்ந்து நம்ம மீனை ஒருத்தனும் தொட மாட்டேங்கிறான். தொலைஞ்சதைத் தேடித் தர்ற புண்ணியாளா, கிளமெண்டோட மானம் தொலையப் போகுதேன்னு அழுதேன். விடிஞ்சு பார்த்தா கரையில மூட்டை!

– தொலைஞ்சது உங்க மானம். வந்தது கப்பல்காரன் மூட்டை. கரை ஒதுங்கினதைத் தொடாதீங்கன்னு ஆட்டோவுல மைக் கட்டிக் கத்திட்டுப் போனாங்களே, காதுல விழலையா?

– விழுந்துச்சே. கன்டெய்னரைத் தொடாதேன்னான், தொடலை. இருநூறு மீட்டர் தள்ளி நில்லுன்னான், நின்னேன். மூட்டைதான் அலையில ஏறி என் காலடிக்கு வந்துச்சு. அதைத் தள்ளி நில்லுன்னு நானா சொல்ல முடியும்?

– கப்பல் அங்கே இன்னும் புகைஞ்சுட்டிருக்கு. உள்ளே என்னென்ன விஷம் இருக்குன்னு ஏத்தினவனுக்கே தெரியலையாம். எண்ணெய் வேற கசியுதாம். இவருக்குப் பாயாசம் கேக்குது!

– போடீ. கடல் எம்புட்டுப் பெருசு! ஒத்தைக் கப்பலால அதைக் கெடுத்துட முடியுமா? நாளைக்கு டிவிக்காரங்க முன்னாடி இதைத்தான் சொல்லப் போறேன். குருசடி முற்றத்துல மத்தி பொரிச்சு, முதல் மீனைப் பிரசுதேந்தி தின்னு காட்டணும். அதைப் பார்த்தாத்தான் கொல்லத்து வியாபாரி திரும்ப மீன் வாங்குவான். இந்தக் கரையில அடுப்பு எரியுறதும் எரியாததும் இப்ப என் வாயிலதான் இருக்கு.

– எல்லாம் உங்களுக்கு வாயிலதான். அதே வாயில இதுல ஒண்ணைக் கடிச்சுப் பாருங்க.

– ம்... கொஞ்சம் கெட்டி.

– பல்லு?

– இருக்கு. ஆடுது.

– இப்ப பாருங்க. நாலு மணியைக் கரண்டியில எடுத்து நெருப்புல காட்டுறேன்.

– ஏ, உருகுதே!

– குச்சியால தொட்டு இழுங்க.

– அம்மே, நூல் நூலா வருதே! என்னடி இந்த நாத்தம்? நம்ம உடைஞ்ச பக்கெட்டை எரிச்சப்போ வந்த நாத்தம்!

– பக்கெட்டேதான். இன்னும் பக்கெட் ஆகாத பக்கெட். பிளாஸ்டிக்கை இப்படி மணி மணியாத்தான் கப்பல்ல ஏத்துவாங்களாம், நேத்து டிவியில காட்டினான். நான் சொன்னப்ப நீங்க குறட்டை விட்டீங்க.

– புண்ணியாளா! பூசை வைக்க வர்ற அச்சன் கையில முதல் டம்ளரை நானே கொடுத்திருப்பேனே!

– கொடுத்திருந்தா அடுத்த திருநாளுக்கு அச்சன் குருசடியில படமாத் தொங்கியிருப்பார்.

– சிரிக்காதே. பாவம் அந்தக் குழந்தைங்க, ரெண்டாவது டம்ளர் கேட்டு வந்து நிக்கும்... நல்லவேளை, யாரும் வாயில வைக்கலை.

– உங்களைத் தவிர.

– போகட்டும். பாயாசம் போனா என் மானம் மட்டும்தான் போகும். மீன் இருக்கே, கரை பிழைச்சுக்கும். நாளைக்குத் தின்னு காட்டுற மத்தியை நறுக்கிட்டியா? விடியக்காலையில வள்ளத்துல போய் நானே பிடிச்சது. கூடையில துள்ளுச்சு பாரு, புண்ணியாளன் சாட்சி, அவ்வளவு சுத்தம்!

– இப்பத்தான் நறுக்க உட்கார்ந்தேன்.

– என்னடி, ஒரு மீனோட கத்தியைக் கீழே வெச்சுட்டே?

– கையை நீட்டுங்க.

– அட, அந்தச் சனியனைச் சட்டியிலேர்ந்து எதுக்கு மறுபடியும் அள்ளிட்டு வர்றே?

– சட்டியிலேர்ந்து இல்லை. மத்தியோட வயித்துலேர்ந்து.