என் ஓட்டைப் பல்லும் பழஞ்சீன ஓசையும்

தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் தாஷி அவர்களே! தாடி நரைத்தும் தன்மானம் நரைக்காத பெரியவர்களே! பார்லி வறுத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! செங்டு நகரிலிருந்து மலையேறி வந்து நம் பேச்சுக்கு அகராதி எழுதிய மொழி ஆய்வாளர் ஔயாங் அவர்களே! முன்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் என் பரம எதிரி, கீழ்க்கரைப் பால்மோவே! அனைவருக்கும் வணக்கம், பால்மோவுக்கு மட்டும் பாதி வணக்கம்!

சிரிக்காதீர்கள். அவள் மாடு என் பார்லியை மேய்ந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள் நான். என்னிடம் எதற்கு வந்தார் ஔயாங்? பழைய சீனர் எழுதினார்கள். எழுத்து இருக்கிறது, ஓசை எங்கே? உதிர்ந்த ஓசையை உறவுமொழிகளின் வாயில் தேடுகிறார்கள். சொல்லின் முன்னால் சீனம் தொலைத்த சிற்றொலிகள் நம் ஜியாரோங் மொழி பேசும் வாயில் இன்னும் ஒட்டியிருக்கின்றனவாம். அதிலும் வாய்க்காலின் மேற்கரைப் பேச்சுக்கு மிஞ்சிய வாய், இந்தப் பாழும் வாய் ஒன்றே!

வாயைத் திறந்தேன். வந்தது சீழ்க்கை!

"அம்மா, இந்த ஒலியை வேற எங்கயும் கேட்டதில்ல. ஈராயிரம் வருஷத்துக்கு முந்தினதா இருக்கும்!" என்று மயங்கினார் ஔயாங்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தையில் சீழ்க்கை, சாமி முன் சீழ்க்கை! வரலாறே வாய்க்குள் வசிப்பதாக வலம் வந்தேன்.

வந்தாள் பால்மோ. "ஐயா, அது பழசும் இல்ல, புதுசும் இல்ல. காஞ்ச பாலாடைக்கட்டியக் கடிச்சு இவ முன்பல்லு போச்சு. அந்தச் சந்துல காத்து போவுது!"

ஔயாங் முகம் உறைந்த ஆறாயிற்று. "எது பேச்சு, எது பல்லுன்னு பிரிக்க முடியலைன்னா, மேற்கரையையே அகராதியிலேருந்து எடுத்துடணும்மா."

மேற்கரையையே! என் தாய் தாலாட்டிய பேச்சையே! பல்லோடு நான் பேசியதை எங்கே போய்க் கேட்பது? எவர் காதில் இருக்கிறது?

"ஏன், என் காதுல இருக்கு," என்றாள் பால்மோ. "மாடு மேஞ்ச அன்னிக்கு வாய்க்கால் அந்தப் பக்கம் நின்னு திட்டினியே, மறப்பேனா?"

தொடங்கினாள். என் குரல், என் இழுப்பு, என் முழுப்பல் காலத்து மேற்கரை!

"அடியே, நடுவுல ஒரு வசவ விட்டுட்டே!"

"விடல. அதுக்கு முன்ன நீ மூச்சு வாங்கினே. நானும் வாங்கினேன்."

என்ன, அந்த வசவை இங்கே சொல்வதா? உட்காருங்கள் ஐயா, தாய்மார்கள் இருக்கிறார்கள்!

அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் அருகருகே வைத்து, பல்லின் ஒலியைத் தள்ளினார் ஔயாங். பேச்சின் ஒலியை அள்ளினார். பழஞ்சீனத்துக்கு நான் தந்த பரிசு வெறும் பல்சந்துக் காற்று! ஆனால் இதோ, அகராதியில் மேற்கரை!

அன்பா காத்தது அதை? ஆத்திரம் காத்தது! மன்னித்திருந்தால் மறந்திருப்பாளே! ஆகவே பால்மோ, சபையறியக் கைகூப்பிக் கேட்கிறேன்: என்னை மன்னித்துவிடாதே! நான் போனபிறகும் வாய்க்கால் ஓரம் நின்று, என் குரலில் என்னையே திட்டு!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. வெளியே வெண்ணெய்த் தேநீர் ஆறுகிறது. பால்மோ, இதோ உன் மீதிப் பாதி. வணக்கம்!