ஒரு கையெழுத்தில் முடிகிற கேஸ்

குளித்து முடித்ததும் குளியலறைத் தரையைத் துடைத்துவிட்டு வெளியே வருவது என் பழக்கம். யாரும் சொல்லித்தந்ததில்லை. அடுத்து வருகிறவர் காலில் என் ஈரம் படக்கூடாது என்று தோன்றும், அவ்வளவுதான். நீங்கள் என் வக்கீல். நான் எப்படிப்பட்டவன் என்று முதலில் தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. கண்ணாடியில் ஒரு விரல்ரேகை இருந்தாலும் வாடிக்கையாளர் கையில் கொடுக்கமாட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றவர்கள் விட்டுப்போன வீட்டில் நானும் தங்கச்சியும் இருந்தோம். அவளுக்குக் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளையும் அங்கேயே வந்தார். வரச்சொன்னது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைக்கு மீன் சந்தையில் மீன் வெட்டும் வேலை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். குடிக்கமாட்டார், அவளைக் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் சோப்பை எடுத்தால் அதில் செதில் ஒட்டியிருக்கும். சாப்பிடும்போது முள்ளை மேஜைமேலேயே துப்பி, விரலால் ஓரமாகத் தள்ளிவைப்பார். காலையில் அவர் தொண்டையைக் காறும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். அவருக்கு இழுப்பு நோய் உண்டு. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக் குப்பி என் செய்தித்தாள் பக்கத்திலேயே கிடக்கும். வாய் வைக்கிற இடத்தில் எச்சில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு என்னால் காப்பி குடிக்க முடிந்ததில்லை.

"மச்சான் வீட்ல ஈகூட செருப்பக் கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள வரும்" என்பார். தங்கச்சி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் சந்தையில் தராசு விஷயமாகப் பக்கத்துக் கடைக்காரரோடு தகராறு. மாப்பிள்ளை அவரைத் தள்ளிவிட்டார். ஐஸ் பெட்டியில் விழுந்து அவருக்கு உதடு கிழிந்தது. போலீஸ் வந்து மாப்பிள்ளையைக் கூட்டிப்போனது. தங்கச்சி கடைக்குப் போன் செய்து அழுதாள். நான் முதலாளியிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்கே ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். "சின்ன கேஸ் சார். ஜாமீன்ல விடக்கூடியதுதான். சொந்தக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டா இப்பவே கூட்டிட்டுப் போயிடலாம். நீங்க போடறீங்களா?"

மாப்பிள்ளை கம்பிக் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் மீன் ரத்தமும் செதிலும். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, காவலில் நின்றவரிடம், "எங்க மச்சான் வந்துட்டாரு பாருங்க" என்றார்.

அந்தச் சட்டையோடு அவர் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவதை நினைத்துப்பார்த்தேன். அடையாள அட்டை எடுத்துவரவில்லை, வீட்டுக்குப் போய் எடுத்துவருகிறேன் என்று ரைட்டரிடம் சொன்னேன். அட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன். தங்கச்சியிடம், "ஜாமீன்ல விடமாட்டாங்களாம்மா. கோர்ட்டுலதான் பாத்துக்கணுமாம்" என்றேன். நான் சொன்னால் அவள் நம்புவாள். பிறகு குளியலறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். மறுநாள் காலையில் வீடு எப்படி இருந்தது தெரியுமா? குழாய் சொட்டுவது கேட்டது.

யாரும் கையெழுத்துப் போட வராததால் அவரைக் கோர்ட்டில் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். தங்கச்சி வக்கீல் பார்க்கச் சொன்னாள். "தெரு முனையில அந்த அம்மா போர்டு மாட்டியிருக்காங்களே, அவங்களக் கேளுண்ணா" என்றாள். அவங்க குடும்பக் கேஸ் மட்டும்தான் எடுப்பாங்க என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவிடம் நான் பேசவே இல்லை.

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வக்கீல்களைப் பற்றித் தெரியவேண்டுமென்றால் அங்கேதான் கேட்கவேண்டும். கடைக்காரர் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்து ஒரு பெயரில் சிரித்தார். "அவரா? அவர 'வாய்தா'ன்னுதான் சார் கூப்பிடுவோம். அவர்கிட்ட குடுத்தா கேஸ் முடியாது, நீளும். நிலப் பத்திரம் எழுதறவரு. ஜாமீன் மனு போட்டே பல வருஷம் ஆச்சு."

நான் நேராக அவரிடமே போனேன். அவர் போட்ட முதல் மனு பிழை என்று திரும்பியது. அடுத்த மனு விசாரணைக்கு வந்த அன்று அவர் கோர்ட்டுக்கு வரவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஜெயிலில் பார்க்க ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள் என்று தங்கச்சியிடம் சொல்லியிருந்தேன். மருந்துக் குப்பியை என் கையில் கொடுத்தாள். "இத மட்டும் மறக்காம குடுத்துடுண்ணா. இது இல்லாம அவரால படுக்கவே முடியாது." பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஒரு நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். வாசலில் சோதனை செய்கிறவர் பையிலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார். அந்த வெள்ளைப் படிவு வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. "இது வேண்டாம், தப்பா எடுத்து வந்துட்டேன்" என்று சொல்லி, பையோடு பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை மெலிந்திருந்தார். மூச்சில் விசில் கேட்டது.

"மச்சான், மருந்து கொண்டு வந்தீங்களா?"

"உள்ள டாக்டரே குடுப்பாரு மாப்ள."

"கேட்டேன். நாளைக்கு நாளைக்குங்கறாங்க. அவ வரலையா?"

"வரமாட்டேன்னுட்டா. கொஞ்ச நாள் உள்ளயே இருக்கட்டும்னு சொல்றா."

இதை எதற்குச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். அவர் அடிக்கடி ஆள் அனுப்பித் தொந்தரவு செய்யாமல் இருப்பாரே என்றுதான். அவர் சத்தமில்லாமல் அழுதார். மூக்கைப் புறங்கையால் துடைத்து, அதே கையை வலைமேல் வைத்தார், என் விரல்கள் இருந்த இடத்தில். நான் கையை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து குழாயடியில் கழுவினேன்.

அந்த வாரமே இறந்துவிட்டார். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாராம். கூட இருந்தவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். ஆள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

உடலை வாங்குவதற்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கத் தங்கச்சி என்னிடம் சொல்லாமல் தெரு முனை அம்மாவிடம் போயிருக்கிறாள். அந்த அம்மா காகிதங்களைப் படித்துவிட்டு, "இவர ஏம்மா வெளிய எடுக்கல? இது ஒரு கையெழுத்துல முடியற கேஸாச்சே" என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேருமாக ஸ்டேஷனுக்கும் ஜெயிலுக்கும் போயிருக்கிறார்கள்.

திரும்பி வந்தவள் சமையலறை வாசலில் நின்றாள்.

"அட்டை எடுக்கப் போன ஆள் திரும்பி வரவே இல்லன்னு ரைட்டர் சொல்றாரு. நீதானே அது?"

"ஆமா."

"மருந்து?"

"குடுக்கல. தூக்கிப் போட்டுட்டேன்."

"அது இல்லன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

தெரிந்துதான் செய்தேன், ஐயா. உங்களிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி குனிந்து அங்கேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் போலீஸுக்குப் புகார் கொடுக்கப் போய்விட்டாள். அவர்கள் வருவதற்குள் நான் தரையைத் துடைத்து வைத்தேன்.

இங்கே ஜெயிலில் ஒரே கழிப்பறை, அதற்குக் கதவு இல்லை. பக்கத்தில் படுக்கிறவருக்குக் காலில் புண். இரவெல்லாம் அவர் மூச்சு என் கழுத்தில் படுகிறது. மனிதன் இருக்கிற இடமா இது? கேஸ் பெரியது, நம்பகமான ஜாமீன்தாரர் வேண்டும் என்றீர்கள். என் தங்கச்சியைக் கேளுங்கள். புகார் கொடுத்தவள்தான், ஆனாலும் அவள் மனசு எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இப்போது அவள் தனியாக, நிம்மதியாக, சுத்தமாக இருக்கிறாள். யாரால் என்று யோசித்துப்பார்த்திருப்பாள். கட்டாயம் வந்து கையெழுத்துப் போடுவாள்.