இன்னார், இன்னது

வாக்கியத்தில் ஓட்டை இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அது குற்றமென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

கண்டியில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடம். முடிவுகளைக் கைபேசிக்கு அனுப்பும் நிரலை எழுதியவன் நான், விமலநாதன். 'வணக்கம், இன்னார். உங்கள் முடிவு: இன்னது.' வாக்கியம் எல்லோருக்கும் ஒன்றுதான். இன்னார், இன்னது என்ற இரண்டு இடங்களில் மட்டும் கணினி ஆளுக்கேற்ற சொற்களை எடுத்துப் போடும்.

கூடத்தார் முடிவைப் பதிய சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கும் மூன்று கட்டங்கள் வைத்தேன். தமிழ்க் கட்டத்தை ஒருவரும் தொடவில்லை. இந்த நாட்டில் தமிழுக்கு இடம் ஒதுக்குவார்கள், எழுத்துத்தான் இருக்காது. முகாமையாளரிடம் சொன்னேன். கொட்டாவி விட்டார். தமிழில் கேட்டவர்களுக்கு முடிவு வெறுமையாகவே போனது.

தேயிலைத் தோட்டத்துச் சனம் விடுமா? பஸ் பிடித்து வந்து என் மேசைமுன் நின்றது. அதில் ஒருத்தி தெல்தோட்டை ராக்கம்மா. மார்பில் கட்டி.

"தம்பி, முடிவுன்னு போட்டுட்டு ஒண்ணுமே காணோமுங்களே. நல்லதா, கெட்டதாங்க?"

"பிறகு வரும். போங்கோ."

ஆங்கிலக் கட்டம் என் திரையில் திறந்துதான் இருந்தது. புற்றுநோய் என்றிருந்தது. அதைச் சொல்வது வைத்தியரின் வேலை. என் வேலை வாக்கியம்.

அன்றே நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: முடிவு வெறுமையாக இருந்தால் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று போடு. சரிபார்க்க அவளுக்கே முதலில் அனுப்பினேன். ஓட்டை அடைபட்டது. மேசைமுன் கூட்டமும் கலைந்தது.

ராக்கம்மா இன்னுமொரு முறை வந்தாள், ஒரு பை ஆனைக்கொய்யாவோடு. "புள்ளைய கட்டிக்குடுக்காம போயிருவேனோன்னு பயந்து கெடந்தேன் சாமி. நீங்க நல்லா இருக்கணும்." வாங்கிக்கொண்டேன். நன்கு பழுத்திருந்தன. அச்சிட்ட அறிக்கையை வாங்கி வைத்தியரிடம் காட்டவேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற கூட்டத்துக்கு நான் என்ன செய்ய?

இப்போது அவள் மகள் புஷ்பம் செத்த தாயின் கைபேசியைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் என்று உங்களிடம் வந்திருக்கிறாள். அந்த வரி வேறு யாருக்கெல்லாம் போனது என்று கேட்கிறீர்கள். தமிழில் கேட்ட எல்லோருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையாகவே பயப்பட ஒன்றுமில்லை. மற்றவர்களின் ஆங்கிலக் கட்டங்களையும் நான் பார்த்துத்தான் இருந்தேன். வரியை எடுத்தால் மறுபடி ஓட்டை விழும், மறுபடி வந்து நிற்பார்கள். அதனால் எடுக்கவில்லை.

ராக்கம்மா அந்தச் செய்தியைச் சாகும்வரை அழிக்கவில்லையாம், புஷ்பமே சொன்னாள். தனக்குக் கெடுதல் செய்தவன் அனுப்பியதை யாராவது அப்படிப் பத்திரமாக வைத்திருப்பார்களா?